இருபத்தேழு சுற்றுகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எழுதி வைத்த இசையை வழுவாமல் வாசிப்பது ஒரு கலை. எழுதப்படாத இசையை, மேடையில் நின்ற நிலையிலேயே நெஞ்சில் உண்டாக்கி, உண்டாக்கிய மறுகணமே வாசித்துச் செல்வது மற்றொரு கலை. இந்த இரண்டாவது கலையை நம் இசைவாணர்கள் மனோதர்மம் என்பர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகிற்கு அளித்த கொடையாகிய ஜாஸ் இசைக்கு அதுவே உயிர்நாடி. அதன் சிறப்பை உணர, ஒரே ஓர் இரவில் நிகழ்ந்த ஒரே ஒரு வாசிப்பை எடுத்துக்கொள்வோம். 1956 ஜூலை 7 ஆம் நாள் இரவு, ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள நியூபோர்ட் நகரின் ஜாஸ் விழாவில், பால் கொன்சால்வெஸ் என்னும் கலைஞர் டெனர் சாக்ஸபோனில் நிகழ்த்திய தனி வாசிப்பே அது.

கருவியின் இயல்பு

சாக்ஸபோனைப் படைத்தவர் பெல்ஜிய நாட்டில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ். 1846 இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆனது. ஆயினும் ஒலியை எழுப்புவது நாணல் சீவாளி. எனவே அதனை மரக்குழல் கருவிகளின் வரிசையிலேயே சேர்க்கின்றனர்.

ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே எழும் என்று ஒலியியலில் படிக்கிறோம். அவ்விதி உருளை வடிவக் குழாய்க்கே பொருந்தும். கிளாரினெட் அவ்வகையைச் சார்ந்தது. சாக்ஸபோனின் குழாயோ கூம்பு வடிவினது. சீவாளி இருக்கும் முனை மூடியது போலவே இயங்கினாலும், கூம்பினுள் ஒற்றைப்படை, இரட்டைப்படை ஆகிய எல்லாச் சீரிசைகளும் எழுகின்றன. இதனால் ஒரு சாவியை அழுத்தியவுடன், ஏறத்தாழ அதே விரலமைப்பில் அடுத்த ஸ்தாயி கிடைத்துவிடுகிறது. மனிதக் குரலைப் போன்ற செறிவும், கீழிருந்து மேலே சரளமாக ஓடும் வசதியும் இக்கருவிக்கு வாய்த்தமைக்கு இக்கூம்பும் ஒரு காரணம் எனலாம்.

அந்த இரவு

கொன்சால்வெஸ் 1920 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். முன்னோர் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவினர். கவுண்ட் பேசி, டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகியோரின் குழுக்களில் வாசித்துவிட்டு, 1950 இல் ட்யூக் எல்லிங்டனின் இசைக்குழுவில் சேர்ந்தார்.

எல்லிங்டனுக்கு அப்போது வயது 57. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய இசைக்குழுக்கள் பல கலைந்து போயின. எல்லிங்டனின் காலமும் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணத் தொடங்கியிருந்தனர். நியூபோர்ட்டில் அவர் குழுவின் முழு நிகழ்ச்சி நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கியது. விழாவுக்கென்றே புதிதாக இயற்றிய இசை ஓரளவு வரவேற்பையே பெற்றது. பின்னர் அவர் 1937 இல் இயற்றிய பழைய படைப்பு ஒன்றை எடுத்தார். 'டிமினுயெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ' என்பது அதன் பெயர். ஒலி படிப்படியாகக் குறைவது முதற்பகுதி. படிப்படியாகப் பெருகுவது இரண்டாம் பகுதி. இரண்டையும் இணைக்கும் பாலமாகக் கொன்சால்வெஸ் தனித்து வாசிக்க வேண்டும். எத்தனை நேரம் என்ற வரையறை இல்லை.

கணக்கும் கற்பனையும்

நான்கு தட்டுகள் கொண்ட அளவை மேனாட்டு இசையில் 'பார்' என்பர். பன்னிரண்டு பார்கள் சேர்ந்தது புளூஸ் இசையின் ஒரு சுற்று. முதல் நான்கு பார்கள் ஆதார சுரத்தைச் சார்ந்து நிற்கும். ஐந்தாவதில் இசை நான்காம் சுரத்தின் மீது சாயும்; ஏழாவதில் வீடு திரும்பும். ஒன்பதாவதில் ஐந்தாம் சுரத்திற்குச் சென்று, இறுதியில் மீண்டும் ஆதாரத்தில் வந்து அமரும். அமர்ந்ததும் அடுத்த சுற்று தொடங்கிவிடும். இச்சட்டகம் மாறாது, அதனுள் என்ன வாசிப்பது என்பது மட்டும் கலைஞரின் உரிமை.

கொன்சால்வெஸ் அன்று வாசித்தவை 27 சுற்றுகள். அதாவது 324 பார்கள்; 1,296 தட்டுகள். ஏறத்தாழ ஆறு நிமிட நேரம், நொடிக்கு மூன்று தட்டுகளுக்கும் மேலான வேகத்தில், நிற்காமல் வாசித்தார். பியானோவில் எல்லிங்டன், பாஸ் கருவியில் ஜிம்மி வுட், டிரம்ஸில் சாம் வுட்யார்ட் ஆகிய மூவர் மட்டுமே துணை நின்றனர். மற்றவர்கள் கருவிகளைத் தாழ்த்திக்கொண்டு, குரலால் ஊக்கம் கொடுத்தனர்.

இவ்வாசிப்பில் நாம் வியக்க வேண்டியது வேகத்தை அன்று, சிக்கனத்தையே. முதற் சுற்றிலேயே தன் திறமை அனைத்தையும் கொட்டிவிடும் கலைஞர் ஐந்தாம் சுற்றில் வெறுங்கையோடு நிற்பார். கொன்சால்வெஸ் அடக்கமாகத் தொடங்குகிறார். ஒரு சிறு சொற்கட்டை எடுக்கிறார், அதைத் திருப்பிச் சொல்கிறார், சற்றே வளைக்கிறார், பிறகு விட்டுவிடுகிறார். ஒரு சுற்றின் முடிவு அடுத்த சுற்றின் தொடக்கத்திற்கு விதையாகிறது. பியானோ சில இடங்களில் விலகிக்கொள்ள, பாஸும் டிரம்ஸும் மட்டும் தாங்கி நிற்கின்றன. அந்த வெற்றிடத்திலும் அவர் தடுமாறுவதில்லை.

சில சுற்றுகள் கடந்ததும் முன்பகுதி இருக்கையிலிருந்த பெண்மணி ஒருவர் எழுந்து ஆடத் தொடங்கினார். கூட்டம் எழுந்தது. பதிவைக் கேட்டால் அந்த ஆரவாரம் அலையாக உயர்ந்து வருவதை இன்றும் உணரலாம். மேடை ஓரத்தில் நின்ற ஜோ ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற டிரம்ஸ் கலைஞர், சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டி உற்சாகமூட்டினாராம். அடுத்த மாதம் எல்லிங்டனின் படம் 'டைம்' இதழின் அட்டையில் வெளிவந்தது. தாம் பிறந்ததே 1956 இல் நியூபோர்ட்டில்தான் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு.

இரண்டு ஒலிவாங்கிகள்

மேடையில் இரண்டு ஒலிவாங்கிகள் இருந்தன. ஒன்று கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துடையது. மற்றொன்று 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியினுடையது. கொன்சால்வெஸ் வானொலியின் ஒலிவாங்கியை நோக்கியே வாசித்துவிட்டார்! எனவே அவ்வாண்டு வெளிவந்த இசைத்தட்டில் அவருடைய ஒலி தொலைவிலிருந்து வருவதாகவே கேட்டது. போதாக்குறைக்கு, அத்தட்டின் மற்றப் பகுதிகளில் பலவும் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்துச் சேர்க்கப்பட்டவை; கைதட்டலும் ஒட்டவைக்கப்பட்டதே. பல ஆண்டுகளுக்குப் பின் வானொலியின் நாடா கண்டெடுக்கப்பட்டது. இரு பதிவுகளையும் கணம் பிசகாமல் பொருத்தி, ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் அளித்து, 1999 இல் புதிய ஸ்டீரியோ பதிப்பை வெளியிட்டனர். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கொன்சால்வெஸ் நம் அருகில் வந்து நின்றார். அறிவியல் கலைக்குச் செய்த தொண்டுகளுள் இதனையும் ஒன்றாகக் குறிப்பிடலாம்.

ஒரு மறுப்பு

இவ்வாசிப்பு கூட்டத்தைக் கிளர்ச்சியூட்டிய வேடிக்கையே, உயர்ந்த கலை அன்று என்பாரும் உளர். அவர்கள் 1939 இல் கோல்மன் ஹாக்கின்ஸ் 'பாடி அண்ட் சோல்' என்ற பாடலுக்குப் பதிவு செய்த டெனர் சாக்ஸபோன் வாசிப்பைச் சுட்டிக்காட்டக்கூடும். அது 64 பார்களே கொண்டது. மூலப் பாடலின் மெட்டைத் தொடக்கத்தில் தொட்டுவிட்டு, அதன் சுரக்கூட்டுகளின் மீதே புதிய மாளிகை எழுப்பியது. சுரக்கூட்டு நுட்பத்தில் ஹாக்கின்ஸின் வாசிப்பே மேலானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் கிணற்றின் ஆழத்தை அளக்கும் கோலால் ஆற்றின் நீளத்தை அளக்கலாமா? மாறாத பன்னிரண்டு பார்களுக்குள் இருபத்தேழு முறை நுழைந்து, ஒரு முறையும் சலிப்பூட்டாமல் வெளிவருவது வேறொரு கலை. அதற்குத் தாள உறுதியும் பொறுமையும் பெருமளவில் வேண்டும். மேலும் இது ஓரிரவில் வந்த அதிர்ஷ்டமும் அன்று. அதற்கு முன்பே சில நிகழ்ச்சிகளில் அவர் இதே இடத்தில் இவ்வாறு நீண்டு வாசித்திருந்தார். புனைவு அந்நேரத்தது, பயிற்சியோ பல்லாண்டுகளது.

நமக்கு என்ன?

இசை கேட்கப் பரம்பரை ஞானம் வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நான் வளர்ந்த வீட்டில் எந்த வாத்தியமும் இருந்ததில்லை. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை நெல் மூட்டைகளைச் சுமப்பவர். நான்கு கோடு இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, ஐந்து ஐந்தாகக் கணக்கு வைப்பவர். விடுதியில் நண்பனின் கைப்பேசியில் இப்பதிவைக் கேட்டபோது நானும் அவ்வாறே கோடு போட்டேன். பன்னிரண்டு பாருக்கு ஒரு கோடு. மூன்றாம் முறை கேட்கையில் சுற்று திரும்பும் இடம் எண்ணாமலே விளங்கியது. அதன் பிறகுதான் வெறும் ஓசையாக இருந்தது இசையாயிற்று. எண்ணத் தெரிந்தவர் எவரும் இவ்வாசல் வழியே உள்ளே போகலாம். வம்ச வரலாறு கேட்பார் இல்லை.

கொன்சால்வெஸ் 1963 இல் எல்லிங்டன் குழுவினருடன் அமெரிக்க அரசின் சார்பில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து வாசித்துச் சென்றார். 1974 மே மாதத்தில் லண்டனில் காலமானார். ஒன்பதே நாட்களில் எல்லிங்டனும் மறைந்தார். இருவரும் விட்டுச்சென்ற அந்த ஆறு நிமிடங்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. மாணவ நண்பர்களே, ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கேளுங்கள். இருபத்தேழு கோடுகள் விழட்டும்!