கோடும் ஒற்றும்

நுழையும்முன்

இரு சொற்கள் ஒன்றாகும் இடத்தை ஒவ்வொரு மொழியும் தனக்குரிய முறையில் காட்டுகிறது. ஆங்கிலம் சிறு கோடு ஒன்றை இடுகிறது. தமிழ் பெரும்பாலும் எழுத்தையே மாற்றுகிறது. இவ்வடையாளங்கள் விடுபட்டால் பொருள் என்னவாகும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆங்கிலத்தின் இணைப்புக்கோடு

ஆங்கிலத்தில் சொற்களை இணைக்க இடப்படும் சிறுகோடு 'ஹைஃபன்' எனப்படும். 'ஒன்றாக' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. பழங்காலக் கிரேக்கர், சேர்த்துப் படிக்க வேண்டிய எழுத்துகளின் கீழே ஒரு வளைகோடு இட்டனர். அதன் வழிவந்ததே இன்றைய கோடு.

உருவில் சிறியதாயினும் இதன் பணி பெரிது. 'ரிசைன்' என்றால் பதவி விலகுதல். அதே எழுத்துகளில் 'ரீ' என்னும் முன்னொட்டை அடுத்துக் கோடிட்டு எழுதினால், மீண்டும் கையொப்பமிடுதல் என்று பொருள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பும் விளையாட்டு வீரர் கோட்டை மறந்தால், அணியைவிட்டு விலகுவதாக எழுதியவர் ஆவார்.

'மேன் ஈட்டிங் ஃபிஷ்' என்று கோடின்றி எழுதினால் மனிதன் மீனை உண்கிறான். முதலிரு சொற்களுக்கிடையே கோடிட்டால் மீன் மனிதனை உண்கிறது. தமிழில் இக்குழப்பத்தை 'ஐ' என்னும் வேற்றுமை உருபு தீர்த்துவிடுகிறது: 'மனிதனை உண்ணும் மீன்'.

தமிழின் புணர்ச்சி

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, நிறுத்தக்குறிகளும் இல்லை. இன்று நாம் வழங்கும் நிறுத்தக்குறிகள் ஐரோப்பியர் வருகைக்குப் பின் அச்சு நூல்களின் வழியே தமிழில் பரவின. ஆயினும் சொற்கள் சேரும் முறையைத் தொல்காப்பியமும் நன்னூலும் புணர்ச்சி இலக்கணமாக முன்னரே வகுத்திருந்தன.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோட்டின் பெயரே இதற்குச் சான்றாகும். கோடு என்பது மலையுச்சியைக் குறிக்கும். செம்மை + கோடு என்பதில் 'மை' விகுதி கெட்டு, மகரம் ஙகரமாகத் திரிந்து 'செங்கோடு' ஆயிற்று. அதனுடன் 'திரு' சேரும்போது சகர ஒற்று மிகுந்தது. மூன்று சொற்கள் சேர்ந்த இடங்கள் இரண்டையும் எழுத்துகளே காட்டுகின்றன, தனிக்கோடு தேவைப்படவில்லை.

அவ்வட்டாரத்தில் செங்கோடன் என்னும் ஆண்பெயர் மிகுதியாக வழங்குகிறது. 'திரு. செங்கோடன்' என அழைக்கும்போது ஒற்று மிகுவதில்லை. அங்கே 'திரு' மதிப்புரவுச் சொல்லாக நிற்கிறது. ஒற்றை நீக்கி, 'திரு செங்கோடு' எனப் பிரித்து எழுதினால் ஊர் ஓர் ஆளாகிவிடும்.

கடைவீதியிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 'கீரைக் கடை' என்பது கீரை விற்கும் இடம். 'கீரை கடை' என்பது கீரையைக் கடையுமாறு இடும் ஏவல். 'தந்தப் பெட்டி' யானைத் தந்தத்தால் ஆனது. 'தந்த பெட்டி' யாரோ கொடுத்தது. பெயர்ப்பலகை எழுதுவோர் இடமில்லையென ஓர் ஒற்றை விடும்போது, பொருளையும் சேர்த்தே விட்டுவிடுகின்றனர்.

எழுதுவோர் கடமை

பேசும்போது குரலின் ஏற்ற இறக்கமும் நிறுத்தமும் பொருளைத் தெளிவாக்குகின்றன. எழுத்தில் குரல் இல்லை. எழுதியவரும் அருகில் இல்லை. படிப்பவருக்குத் துணையாக இருப்பவை கோடும் ஒற்றும் இடைவெளியுமே. அவற்றைப் பிழையின்றி இடுவது படிப்பவருக்கு எழுதுவோர் செய்யும் நேர்மையாகும்.

தெரியுமா?

• ஆக்ஸ்ஃபோர்டின் சுருக்கப் பேரகராதி, 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து இணைப்புக்கோட்டை நீக்கியது. 'ஐஸ் கிரீம்' இரு சொற்களாகப் பிரிந்தது; 'பம்பிள்பீ' ஒரே சொல்லாயிற்று.

• திருஞானசம்பந்தரின் தேவாரத்தில் திருச்செங்கோடு 'கொடிமாடச் செங்குன்றூர்' என வழங்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. 'கொடிமாடச் செங்குன்றூர்' என்னும் பெயரைப் பிரித்து எழுதி, சொற்கள் சேரும் இடங்களில் நிகழ்ந்த மாற்றங்களைக் கூறுக.

2. 'வேலை கொடு', 'வேலைக் கொடு' ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை விளக்குக.

3. உம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் ஒற்று விடுபட்ட தொடர்களைத் தொகுத்து, பொருள் மாறுபவற்றை வகுப்பில் கலந்துரையாடுக.