வாள்முனை வரையும் ஓவியம்

நுழையும்முன்

மரத்தைப் பிளந்தால் விறகு, சீவினால் குச்சி, அறுத்து, வண்ணமேற்றி, மீண்டும் பொருத்தினால் ஓவியம். மரம் ஒன்றே; அதை அணுகும் கையும் மனமுமே வேறு. தீக்குச்சிக்கும் வண்ண அச்சுக்கும் பெயர்பெற்ற கரிசல் மண்ணின் பின்னணியில், பலகையைத் துண்டுகளாக்கி ஓவியமாக்கும் கைவினையின் நுட்பத்தையும் அது உணர்த்தும் வாழ்வியல் உண்மையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மரமும் வண்ணமும் கூடிய ஊர்

மழை குறைந்த வானமும் வறண்ட நிலமும் கொண்ட விருதுநகர் மாவட்டத்தில் உழவை மட்டுமே நம்பி வாழ்தல் அரிது. இந்நிலையில், 1922ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். ஈரமற்ற காற்றே தீக்குச்சி உலர்வதற்கு ஏற்றதாயிற்று. குறையெனக் கருதப்பட்ட வெயில், தொழிலுக்கு முதலாக மாறியது.

மட்டி, இலவம் முதலிய மென்மரங்களின் தண்டுகளைச் சுழலவிட்டு, வெங்காயத்தின் தோலை உரிப்பதுபோல் மெல்லிய ஏடாகச் சீவி, அவ்வேட்டை நறுக்கிக் குச்சிகளாக்குவர். தீப்பெட்டிகளின்மீது ஒட்டும் வண்ணப் படங்களுக்கான தேவை, ஊரில் அச்சகங்களைப் பெருக்கியது. கல்லச்சு முறையில் ஒரு படத்தின் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். இன்றைய ஆப்செட் அச்சிலும் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகளாகப் படம் பிரிக்கப்பட்டு, தாளின்மீது மீண்டும் ஒன்றுசேர்கிறது.

பிரித்துச் சேர்த்தல் என்னும் இவ்வுத்தியை மரத்தில் செய்வதே துண்டிணைப்பு ஓவியம். அச்சில் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். மரத்திலோ ஒன்றன் அருகில் ஒன்று அமரும். எனவே, இங்கு வண்ணத்தைவிட எல்லைக்கோடே முதன்மை பெறுகிறது.

உலகெங்கும் ஒரு கலை

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியக் கைவினைஞர்கள் பல்வேறு மரங்களின் இயல்பான நிறங்களைக் கொண்டு சுவர்களையே ஓவியமாக்கினர். ‘இன்டார்சியா’ எனப்பட்ட இக்கலைக்கு, உர்பினோ அரண்மனையில் உள்ள சிறு படிப்பறை புகழ்பெற்ற சான்றாகும். பச்சை நிறத்திற்கு அவர்கள் கண்ட வழி வியப்பிற்குரியது. ஒருவகைப் பூஞ்சை படர்ந்து பசுமையேறிய மரத்தைத் தேடியெடுத்து இலைகளுக்குப் பயன்படுத்தினர்.

மைசூரின் மரப்பதிப்புக் கலையும் இதனோடு உறவுடையது. கருமை கலந்த ஈட்டி மரப் பலகையில் பள்ளம் அகழ்ந்து, பலாவின் மஞ்சள் போன்ற பிறமர நிறங்களைப் பதிப்பர். முற்காலத்தில் தந்தமும் பதிக்கப்பட்டது. யானைகளைக் காக்கும் சட்டங்கள் வந்தபின் அவ்விடத்தை வெண்ணிற மரங்களும் பிற பொருள்களும் ஏற்றன. பதினெட்டாம் நூற்றாண்டில், இலண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, மரப்பலகையில் ஒட்டிய நிலப்படத்தை நாட்டெல்லைகள் வழியே அறுத்து, மாணவர் நிலவியல் கற்கும் கருவியாக்கினார்.

வரைவும் திட்டமும்

துண்டிணைப்பு ஓவியத்தை இருவகையில் அமைக்கலாம். வெவ்வேறு மரங்களில் துண்டுகளை அறுத்துப் பொருத்துவது ஒருவகை. ஒரே பலகையை அறுத்து, துண்டுகளுக்குத் தனித்தனியே வண்ணமேற்றி, முன்னிருந்த இடத்திலேயே பொருத்துவது மற்றொரு வகை. முதல்வகையில் அடுத்தடுத்த துண்டுகளின் விளிம்புகள் தனித்தனியே அறுக்கப்படுவதால் பொருத்தம் அரிது. இரண்டாம் வகையில் ஒரே அறுப்பு இரு துண்டுகளுக்கும் விளிம்பாகிறது. கோடு சற்றே பிறழ்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே பிறழ்வதால் பொருத்தம் கெடுவதில்லை. தொடக்கநிலையில் பயில்வோர்க்கு இதுவே உகந்தது.

எடுத்துக்காட்டாக, திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருக்கரத்தில் விளங்கும் கிளியைக் கொள்ளலாம். நாள்தோறும் இலைகளால் புதிதாகப் புனையப்படும் அக்கிளியின் வடிவை வரைந்து, அலகு, தலை, கழுத்து, சிறகு, வால் எனப் பிரிக்க வேண்டும். வரைபடத்தை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைப் பலகையின் முகத்தில் ஒட்டி, மற்றொன்றை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டின் எண்ணையும் அதன் பின்புறத்தில் எழுதுவது இன்றியமையாதது. முகப்பில் எழுதிய எண் தேய்க்கும்போது மறைந்துவிடும்.

பலகை ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் தடிப்புடன், நன்கு உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். மரம் ஈரத்தை ஏற்றால் இழையோட்டத்தின் குறுக்கே விரியும். நீளவாக்கில் விரிவது மிகக் குறைவு. கோடையில் உலராத பலகையில் செய்த ஓவியம், பின்னர் சுருங்கி இடைவெளி காட்டும்.

வாளின் வழி

வில்போன்ற சட்டத்தில் மெல்லிய அலகைப் பூட்டிய கைவாளால் இதனை அறுக்கலாம். மின்னால் இயங்கும் ‘ஸ்க்ரோல் சா’ எந்திரத்தில் அலகு ஓரிடத்தில் நின்றவாறு மேலும் கீழும் இயங்க, பலகையே திருப்பப்படும். அலகின் பற்கள் கீழ்நோக்கி இருத்தல் வேண்டும். மேசைக்கும் அலகிற்கும் இடையே செங்கோணம் அமைந்துள்ளதா என மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அது சாய்ந்திருந்தால் விளிம்புகளும் சாய்ந்துபோகும். துண்டுகளைப் பின்புறத்திலிருந்து மட்டுமே, அல்லது முன்புறத்திலிருந்து மட்டுமே செருக இயலும்.

கண் போன்ற உட்பகுதிகளை அறுக்க, முதலில் சிறுதுளையிட்டு, அதன்வழியே அலகைக் கோத்துப் பூட்டுவர். சிறு துண்டுகளை, பலகை பெரிதாக இருக்கும்போதே அறுத்தெடுப்பது நல்லது. அப்போது கைகள் அலகிற்கு எட்டத்தில் நின்று பலகையைப் பற்ற இடமுண்டு. பலகையை வலிந்து தள்ளினால் மெல்லிய அலகு வளையும், கோடு தப்பும், அலகு முறியவும் கூடும். இங்கு விரைவு திறனன்று, நிதானமே திறன்.

கண்ணாடியும் முகக்கவசமும் அணிதல் கட்டாயம். அலகை மாற்றுமுன் மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மரத்தூள் எளிதாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. அது மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. காற்றில் திரண்ட நுண்தூள் பொறிபட்டால் தீப்பற்றவும் கூடும். தீயின் இயல்பை நன்கறிந்த நிலத்தில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வண்ணமும் பொருத்தமும்

அறுத்த துண்டுகளின் முக விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்ட வேண்டும். சொரசொரப்பான தாளில் தொடங்கி, படிப்படியாக மென்மையான தாளுக்குச் செல்வது முறை. சிறகின் அடியில் மெல்லிய ஒட்டுப்பலகையை வைத்து உயர்த்தினால், ஒளியும் நிழலும் விழுந்து கிளி உயிர்பெறும்.

வண்ணத்தைப் பசையிடுவதற்கு முன்பே ஏற்ற வேண்டும். பசை படிந்த இடத்தில் சாயம் இறங்காது. தடித்த வண்ணப்பூச்சு மரத்தின் இழைகளை மறைத்துவிடும். நீரில் கரைந்த சாயமோ இழைகளைக் காட்டியவாறே நிறந்தரும். உடல் பச்சையாகவும் அலகு சிவப்பாகவும் நிறம்பெற்று நன்கு உலர்ந்தபின், துண்டுகளைப் பின்பலகையில் அடுக்கிப் பார்த்து, வாள் தின்ற இடைவெளி எங்கும் ஒரே அளவாக அமையுமாறு நெருக்கி ஒட்ட வேண்டும். இறுதியில் மெல்லிய மெருகெண்ணெய் பூசினால் பணி நிறைவுறும்.

கையின் கல்வி

கைத்தொழிலைப் பேசும்போது, பிஞ்சுக் கைகளின் வரலாற்றையும் மறக்கலாகாது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர் உழைத்த நிலை உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றது. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, இடர்மிகு தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலை தந்தவர் நலநிதியில் செலுத்த வேண்டுமென்றது. அக்குழந்தையின் கல்விக்கும் வழிவகுத்தது. 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், 14 முதல் 18 வயதிற்குட்பட்ட வளரிளம் பருவத்தினரையும் இடர்மிகு தொழில்களில் அமர்த்தலாகாது என விலக்கியது.

வறுமை ஏவக் குச்சி அடுக்கிய விரல்களுக்கும், விரும்பிக் கிளி அறுக்கும் விரல்களுக்கும் வேறுபாடு திறமையில் இல்லை. முன்னையதில் கை மட்டுமே உழைத்தது, சிந்திக்க இடமில்லை. பின்னையதில் அளவையும் கோணமும் அறிவியலும் அழகுணர்வும் கையோடு சேர்ந்து இயங்குகின்றன. எந்த இடத்தில் அறுப்பது என்பதைச் செய்பவரே முடிவு செய்கிறார். அவ்வுரிமை இருக்கும்வரை கைத்தொழில் கல்வியாகிறது. அது பறிபோனால் வெறுஞ்சுமையாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கிடைக்கும் மரவகைகளின் நிறம், கனம், பயன் ஆகியவற்றைத் தச்சரிடம் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. தடித்த அட்டையில் ஒரு பறவையை வரைந்து, துண்டுகளாக வெட்டி, வண்ணமிட்டு மீண்டும் பொருத்துக. எதிர்கொண்ட இடர்ப்பாடுகளை வகுப்பறையில் பகிர்க.

3. ‘கைத்தொழில் எப்போது கல்வியாகிறது?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.