‘ராஜர்’ என்றால் சரி என்று பொருளா?

வயர்லெஸ்ஸில் பேசும்போது ‘ராஜர்’ என்கிறார்களே, யார் அந்த ராஜர்?
– கல்லூரி மாணவி, அறந்தாங்கி

ஆள் இல்லையம்மா, எழுத்து. ‘ரிசீவ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான ‘ஆர்’. தந்திக் காலத்தில் ‘செய்தி வந்து சேர்ந்தது’ என்பதற்கு அந்த ஓர் எழுத்தைத்தான் தட்டுவார்கள். வாயால் பேசும் காலம் வந்ததும், இரைச்சலில் எழுத்துகள் மாறிக் கேட்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ‘ஆர்’ எழுத்துக்கு அமைந்த பெயர் ராஜர். 1956-இல் அதை ‘ரோமியோ’ ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் ராஜர் இன்றுவரை நாக்கை விட்டு இறங்கவில்லை.

‘உங்கள் பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது’, அவ்வளவுதான் ராஜர். ‘ஆமாம்’ என்றோ ‘செய்கிறேன்’ என்றோ பொருளில்லை. செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’ என்று தனிச்சொல் உண்டு. சினிமாவில் வரும் ‘ஓவர் அண்ட் அவுட்’டும் தப்பு. ‘ஓவர்’ என்றால் ‘நான் முடித்தேன், நீங்கள் பேசுங்கள்’. ‘அவுட்’ என்றால் ‘பேச்சே முடிந்தது’. சேர்த்துச் சொன்னால், ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துகிற கதை.

இங்கே என் பழைய பல்லவியைப் பாடிவிடுகிறேன். வயர்லெஸ்ஸில் நான் பயப்படும் சொல் ‘சரி’. நம் வாயில் அதற்கு எத்தனை பொருள்! கேட்டேன், ஒப்புக்கொண்டேன், செய்கிறேன், போதும், கிளம்புகிறேன். அந்தக் குழப்பத்துக்கு ஓர் உதாரணம்: 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவு விமான நிலையத்தில் மூடுபனி. ஒரு விமானம் அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கி, ‘டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்று சொன்னது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த முதல் சொல் ‘ஓகே’. ‘பொறுங்கள், கூப்பிடுகிறேன்’ என்று கோபுரம் தொடர்ந்தபோது, அதே ஓடுதளத்தில் ஊர்ந்துகொண்டிருந்த இன்னொரு விமானமும் பட்டனை அழுத்திப் பேசியது. இரு குரலும் மோதி, ஓடிக்கொண்டிருந்த விமானத்தில் வெறும் கீச்சொலியாக விழுந்தது. விமானங்கள் மோதி 583 உயிர்கள் போயின. அதன்பிறகு, அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே எடுப்பதில்லை. கேட்ட உத்தரவின் முக்கியப் பகுதிகளை விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

கடலில் இருந்து மைக்கில் இடத்தைச் சொன்னால் கரையில் தப்பாக எழுதிக்கொள்கிறார்கள். ஏன்?
– மீனவர், ஜெகதாப்பட்டினம்

குற்றம் கரையில் இருப்பவர் மேல் மட்டுமில்லை அண்ணே, நம் எண்களிலும் இருக்கிறது. ஒன்பது, ஐம்பது, எண்பது. எஞ்சின் சத்தத்தில் தலையசை தேய்ந்துவிட்டால் மிஞ்சுவது ‘பது’தான். ‘ஒன்பது டிகிரி ஐம்பது நிமிடம்’ என்று நீங்கள் சொன்னது ‘ஒன்பது டிகிரி ஒன்பது நிமிடம்’ என்று விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு-தெற்குக் கணக்கில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல், 1.852 கிலோமீட்டர். 41 நிமிடம் பிசகினால் ஏறக்குறைய 76 கிலோமீட்டர். பாக் நீரிணையில் தத்தளிக்கும் படகைப் பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் தேடுவார்கள்!

அதனால் ஐம்பது என்று சொல்லாதீர்கள். ‘அஞ்சு, ஜீரோ’ என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். இந்தத் தொல்லை ஆங்கிலத்திலும் உண்டு. ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் குழம்பும் என்பதால்தான் விமானிகள் ஒன்பதை ‘நைனர்’ என்கிறார்கள். கரையில் இருப்பவர் ‘சரி’ என்றால் விடாதீர்கள். ‘திருப்பிச் சொல்லுங்க’ என்று கேளுங்கள்.

‘மேடே’ என்று கூப்பிடுவது மே தினத்தை வைத்தா? கஜா புயலில் செல்போன் செத்துக் கிடந்ததே, அப்போது வயர்லெஸ் இருந்தால் பேசியிருக்கலாமா?
– வாசகர், கீரமங்கலம்

மே தினத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1920-களில் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்ஃபோர்டு கொடுத்த சொல் அது. அங்கே வந்துபோன விமானங்களில் பெரும்பாலானவை பாரிஸ் விமானங்கள். ‘எனக்கு உதவுங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியை எடுத்து ‘மேடே’ ஆக்கினார். 1927-இல் வாஷிங்டன் மாநாடு அதை உலகத்துக்கே பொதுவாக்கியது.

கஜா தாக்கிய 2018 நவம்பர் 16 நம் மாவட்டத்துக்கு மறக்க முடியாத நாள். செல்போனுக்குக் கோபுரமும் மின்சாரமும் வேண்டும். வயர்லெஸ் கருவிகள் இரண்டு நேருக்கு நேர் பேசிக்கொள்ள நடுவில் எதுவும் வேண்டாம், பேட்டரி போதும். ஆனால் படகு வயர்லெஸ் பயன்படுத்தும் விஎச்எஃப் அலை அடிவானத்தைத் தாண்டி அதிகம் வளையாது. படகில் ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியில் கட்டுவது அதற்காகத்தான்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் படகுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். 16-ஆம் சேனல் ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் உரியது. கூப்பிட்டதும் வேறு சேனலுக்கு மாறி, மீன் விலையையும் வீட்டுக் கதையையும் அங்கே பேசுங்கள். ஆபத்து வந்தால் ‘மேடே’ என்று மூன்று முறை, பிறகு படகின் பெயர், இடம், நடந்தது என்ன, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அழுத்தியபடியே இருந்தால், உங்களைக் காப்பாற்ற வருபவரின் குரல் உங்கள் காதில் விழாது.