கல்லைப் படிக்கும் பணி

சிலருக்கு ஓடியாடி உழைப்பதைக் காட்டிலும், ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றைத் துருவி ஆராய்வதில் விருப்பம் மிகுதி. மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டையே வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைகள், இவ்வியல்புக்கு ஏற்ற பணிகள் வேறு பல உண்டு என்பதை அறிவதில்லை. கல்வெட்டு ஆய்வு அவற்றுள் ஒன்று.

கல்வெட்டாய்வாளரின் வேலை மைப்படி எடுப்பதில் தொடங்குகிறது. கல்லைக் கழுவித் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுவர். தாள் எழுத்துகளின் பள்ளத்தில் பதியும். பின்னர் அதன்மேல் மையை ஒற்றினால், கரிய பரப்பில் எழுத்துகள் மட்டும் வெண்மையாகத் தெரியும். இதற்காகக் குன்றேறவும் நேரிடும். உடலுழைப்பு அறவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. எனினும் கடினமான பகுதி மேசைக்குத் திரும்பிய பின்னரே வருகிறது.

தமிழகக் குகைத்தளங்களில் உள்ள மிகப் பழைய கல்வெட்டுகள் பிராமி எழுத்தில் அமைந்தவை. அவற்றின் மொழி பிராகிருதம் என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால், வடபுலக் கல்வெட்டுகளில் காணப்படாத சில வடிவங்கள் அவற்றில் இருந்தன. அவை தமிழுக்கே வேண்டிய ழ, ற, ன முதலிய எழுத்துகள் என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். மொழி தமிழே என்பது தெளிவாயிற்று. பலரும் ஒலிக்க இடர்ப்படும் ழகரமே அன்று சான்றாக நின்றது!

இன்னொரு சிக்கலும் இருந்தது. அக்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஒரே குறியை 'க' எனவும் 'க்' எனவும் படிக்கலாம். இடம் நோக்கியே துணிய வேண்டும். தவறாகத் துணிந்தால் ஊரின் பெயர் ஆளின் பெயராக மாறிவிடும்.

இப்புதிர்களில் ஈடுபட்டவர் ஐராவதம் மகாதேவன் (1930–2018). அவர் இந்திய ஆட்சிப் பணி அலுவலர். கரூருக்கு அருகிலுள்ள புகழூர்க் கல்வெட்டில் சேர மன்னர் மூன்று தலைமுறையினரின் பெயர்களை அவர் இனங்கண்டு 1965இல் வெளியிட்டார். பதிற்றுப்பத்து முதலிய பாடல்களால் மட்டும் அறியப்பட்ட சேரர்க்குக் கல்லிலும் சான்று கிடைத்தது. 1960களில் தொடங்கிய அவ்வாய்வு முழுநூலாக வெளிவந்தது 2003இல். அலுவலகப் பணியைவிட இதுவே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்டது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் பயிலலாம். பணியிடங்கள் மிகுதி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பள்ளியில் தேவநாகரியும் வீட்டில் தமிழும் பயில்கின்றனர். இரண்டும் பிராமியின் வழிவந்த எழுத்துகளே.

வினாக்கள்

1. மைப்படி எடுக்கும் முறையைச் சொந்த நடையில் எழுதுக.
2. குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்பது எவ்வாறு அறியப்பட்டது?

செயல்பாடு

ஒரு சொற்றொடரைப் புள்ளிகள் இல்லாமல் எழுதி, நண்பரிடம் படிக்கக் கொடுக்க. அவர் எந்தச் சொல்லில் தயங்கினார், ஏன் என்பதைக் குறித்து வருக.