ஒருவர் கண்காணிப்பில் எத்தனை பேர்?

வேதியியலைப் பாடமாக எடுத்துக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் நாம் அங்குள்ள ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே எனலாம். அமெரிக்க வேதியியல் கழகம் 2015 ஆம் ஆண்டு கல்லூரிகளுக்கு வகுத்த நெறிமுறைகளில் இதற்கு விடை உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒருவரது மேற்பார்வையில் 25 மாணவர்களுக்கு மேல் இருத்தலாகாது. பல ஆய்வுகளுக்கு இதனினும் குறைந்த எண்ணிக்கையே ஏற்றது.

ஏன் 25? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மணி நேர வகுப்பில் தலைக்கு ஏழு நிமிடம் கிடைக்கும். அமைதியான நாளில் அது போதும். ஆனால் ஒரு மாணவியின் கண்ணில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தெறித்துவிட்டால்? அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது. திசுக்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். பத்து வினாடிக்குள் அவளைக் குழாயடிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வலியில் கண் தானே மூடிக்கொள்ளுமாதலால், ஒருவர் இமைகளை விலக்கிப் பிடிக்க, குறைந்தது 15 நிமிடம் நீர் ஓட வேண்டும். ஆசிரியை அங்கே நிற்கிறார். மற்ற 24 பேர்? அவர்கள் முன் புன்சன் விளக்குகள் எரிகின்றன. சோதனைக் குழாய்கள் கொதிக்கின்றன. மேற்பார்வை எண்ணிக்கையை இந்த 15 நிமிடத்தைக் கொண்டே அளக்க வேண்டும். அமைதியான நாளைக் கொண்டன்று. கூடத்தில் பெரியவர் இன்னொருவரும் இருப்பாராயின் நிலைமையே வேறு.

அந்த இன்னொருவர் யார் என்பதும் முக்கியம். அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு ஆய்வு வகுப்புகளைப் பெரும்பாலும் மேற்படிப்பு மாணவர்களே நடத்துகின்றனர். எரிவாயுவின் தலைமைத் திருகு எங்கே என்று அறியாதவரைக் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை சரியாகும், பாதுகாப்பு வராது.

இடமும் வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கு 50 சதுர அடி என அந்நாட்டுத் தீப்பாதுகாப்பு விதி கணக்கிடுகிறது. (நடைபாதையில் பைகளைப் பரப்பிவைத்தால் அதுவும் பயன்படாது!)

எல்லா ஆய்வும் ஒன்றல்ல. நீர்த்த அமிலத்தைத் தரம்பார்க்கும் நாளில் 25 பேர் இருக்கலாம். ஈதரோ −45 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது. மேசையோடு ஊர்ந்து தொலைவிலுள்ள சுடரைத் தொட்டால், தீ வந்த வழியே திரும்பி ஓடும். ஈதரைக் கையாளும் நாளில் 12 பேரே போதும் என்பது நம் கருத்து. மற்றவர்கள் மறுநாள் வரட்டும்.