நாட்குறிப்பும் வலைப்பூவும்

தன் வாழ்வைத் தானே எழுதிப் பார்க்கும் விருப்பம் மனிதனுக்குப் புதியதன்று. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அது அச்சேறுவதை அவர் கண்டாரல்லர். இன்றோ, பதினைந்து வயது மாணவி இரவில் எழுதியதை, அவளை அறியாதவர் பலர் விடியுமுன் படித்துவிடுகின்றனர். இம்மாற்றம் நன்றா, தீதா? சிறிது ஆராய்வோம்.

இணையத்தில் நாட்குறிப்பு எழுத 1998இல் 'ஓப்பன் டைரி'யும், 1999இல் 'லைவ்ஜர்னல்', 'பிளாகர்' ஆகியனவும் தோன்றின. 2003ஆம் ஆண்டையொட்டித் தமிழிலும் வலைப்பூக்கள் பெருகின. இன்று இளைஞர் பெரிதும் இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களை நாடுகின்றனர். இடம் மாறியதேயன்றி வேட்கை மாறவில்லை.

இவ்வேட்கைக்குக் காரணம் வெறும் விளம்பர ஆசைதானா? அன்று. ஆண்டாப் ஹில்லில் மாலை வேளையில் நான் பாடம் சொல்லித் தரும் வீடுகள் பல ஒற்றையறை வீடுகள். ஐவரும் அறுவரும் வாழும் அறையில் ஒரு குறிப்பேட்டை எங்கே ஒளித்து வைப்பது? தம்பி எடுத்து உரக்கப் படிப்பான். "வீட்டில் எழுதினால் எல்லாரும் படிப்பாங்க அக்கா, நெட்டில் எழுதினால் யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள் மாணவி ஒருத்தி. 'யாரும்' என்று அவள் சொன்னது தன்னை அறிந்தவர்களை! வீட்டார்க்கு மறைப்பதற்காகவே உலகத்தார்முன் வைக்கிறாள்.

ஆயினும், படிப்பவர் உண்டு என்ற நினைவு எழுத்தையே மாற்றிவிடும். ஆன் பிராங்க் 1942இல், தன் பதின்மூன்றாம் பிறந்தநாளில் பெற்ற ஏட்டில் தனக்கென எழுதத் தொடங்கினாள். போர்க்கால நாட்குறிப்புகள் தொகுக்கப்பெறும் என்று 1944 மார்ச்சில் வானொலியில் கேட்டபின், அவற்றைத் திருத்தி எழுதினாள். உடனிருந்தோர்க்கு மாற்றுப்பெயரும் வகுத்தாள். 2009இல் பதினொரு வயது மலாலா, பி.பி.சி. உருதுப் பிரிவுக்குத் தன் நாட்குறிப்பை 'குல் மகாய்' என்னும் புனைபெயரிலேயே எழுதினாள்.

இந்நெறி தமிழர்க்கு அயலானதன்று. அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. உள்ளத்தைக் காட்டலாம், ஆளைக் காட்டலாகாது. நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் இல்லை. எனினும், வேலில் கட்டிய வேம்பு அவனைக் காட்டிக் கொடுப்பதால், உரையாசிரியர் அதனைப் புறம் என்றனர். ஓர் அடையாளம் போதும், அகம் புறமாகிவிடும்! பெயரை மறைத்துவிட்டுப் பள்ளிச் சீருடையோடு படம் இடுவதும், கட்டடத்தின் எண்ணையும் பேருந்து நிறுத்தத்தையும் எழுதுவதும் அந்த வேப்பந்தார் போன்றவையே.

2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதாரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெற்றோர்க்கு மறைக்கவே எழுதும் பிள்ளைக்குச் சட்டம் மட்டுமே காவலாகுமா?

மாணவ நண்பர்களே, எழுதுங்கள். எழுதாத உள்ளம் தன்னை அறிவது அரிது. ஆனால், உங்கள் வேப்பந்தார் எது என்று ஒருமுறை பார்த்தபின் வெளியிடுங்கள். தோழியின் துயரை அவள் இசைவின்றி எழுதாதீர்கள். பெற்றோர்க்கும் ஒரு சொல்: பிள்ளையின் குறிப்பேடு கண்ணில் பட்டால் மூடியபடியே வைத்துவிடுங்கள். வீட்டில் அதற்கோர் இடம் கிடைத்தால், அந்தப் பிள்ளை உலகிடம் சென்று மறைவிடம் தேட வேண்டியதில்லை.