நம்பிக்கைகளும் உண்மைகளும்: தூபக்கால் புகையும் இதயமும்

சாமிக்குப் போடும் புகை உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை திருவண்ணாமலையில் ஊறிப்போன ஒன்று. அக்னித் தலம் என்று பெயர் பெற்ற ஊர் இது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அஷ்டலிங்கங்களின் முன்னால் கற்பூரம் எரிகிறது. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் கதவு திறந்ததுமே பத்தி புகைகிறது. இந்த நம்பிக்கைக்கு ஒரு துணை நம்பிக்கையும் உண்டு: கெடுதல் என்றாலும் அது இருமல், இளைப்போடு நின்றுவிடும், புகைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டில் பெரிய ஆபத்து இந்தத் துணை நம்பிக்கைதான். இருமல் வராதவர் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று இருந்துவிடுகிறார்.

எதை எரித்தாலும் முழுதாக எரியாமல் மிஞ்சுவது நுண்துகள்களாகக் காற்றில் கலக்கிறது. இவற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை, அதாவது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ளவை, மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே தொடங்கும் அழற்சி அங்கேயே நிற்பதில்லை. இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது, இரத்தம் எளிதில் உறைகிறது, இதயத் துடிப்பை நடத்தும் நரம்புகளின் ஒழுங்கு குலைகிறது. நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் இருப்பது காரண காரிய உறவுதான் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010-லேயே அறிவித்துவிட்டது. ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்குச் சில மணி நேரப் புகையே மாரடைப்பைத் தூண்டிவிடலாம். தணலில் சாம்பிராணி தூவும்போது கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வருகிறது. அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். இதயத்துக்குப் போக வேண்டிய பிராணவாயு அந்த அளவுக்குக் குறையும்.

அதெல்லாம் லாரிப் புகை, ஆலைப் புகை பற்றிய பேச்சு, நம்முடையது இயற்கைப் பொருள் என்று சொல்வார்கள். இன்று கடையில் கிடைக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து ஆலையில் தயாராவது. ஊதுபத்தி என்பது மூங்கில் குச்சியில் ஒட்டிய கரித்தூளும் மரத்தூளும். வாசனை எண்ணெயைக் கரைக்க டையீத்தைல் தாலேட் போன்ற ரசாயனமும் சேர்க்கப்படுவதுண்டு. ஆனால் இதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. கலப்பே இல்லாத சாம்பிராணியும் எரிந்தால் நுண்துகளைத்தான் தரும். புகையிலையும் மூலிகைதானே! ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கும் மேல் துகள் வரும், சிகரெட்டில் 10 மில்லிகிராம் என்று ஓர் அளவீடு உண்டு. இதை வைத்துப் பத்தி சிகரெட்டைவிடக் கொடியது என்பதும் தவறு. சிகரெட் புகை நேரே நெஞ்சுக்குள் இழுக்கப்படுகிறது, பத்திப் புகை அறைக் காற்றில் கலந்து நீர்த்துப்போகிறது.

நேரடிச் சான்று சிங்கப்பூரிலிருந்து கிடைக்கிறது. அங்கே 45 முதல் 74 வயது வரையிலான 63,257 சீனர்களை 1993 முதல் 1998 வரை சேர்த்து, 2011 வரை தொடர்ந்து கவனித்தார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டில் பத்தி ஏற்றுபவர்கள். நெடுங்காலம் ஏற்றி வந்தவர்களிடம் இதய, இரத்தக் குழாய் நோய் மரணம் 12 சதவீதம் அதிகம். பக்கவாதத்தைத் தனியாகப் பார்த்தால் 19 சதவீதம். அவர்கள் புகைபிடிப்பவர்களாக இருந்திருப்பார்களே என்ற கேள்வி நியாயமானது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர்களிடமும் இந்தத் தொடர்பு தெரிந்தது. இது கவனித்து எழுதிய ஆய்வு, பரிசோதனை அல்ல. அதனால் பத்திதான் காரணம் என்று இது மட்டுமே நிரூபித்துவிடாது. நுண்துகள் உடம்பில் செய்வதாக நாம் அறிந்ததோடு அது ஒத்துப்போகிறது என்பதே அதன் பலம். தொண்ணூறு வயது வரை தூபம் போட்ட பாட்டிமார் இதற்கு எதிர்ச்சான்று ஆகமாட்டார்கள். அறுபதில் போனவர்களை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இனி எதிர்த்தரப்பின் நம்பிக்கை: தீபத் திருவிழாவே ஊரை நஞ்சாக்குகிறது என்பது. இதுவும் பிழை. 2,668 அடி உயர மலையுச்சியில் எரியும் மகாதீபத்தின் புகை திறந்த வானில் கலைந்துவிடும்; ஒரு பௌர்ணமி இரவு நடந்துவிட்டுப் போகும் ஆரோக்கியமானவர் கற்பூரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பு அபாயத்தில் பெரும்பங்கு புகைபிடித்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளிட்ட ஒன்பது காரணங்களிலேயே அடங்கிவிடுகிறது என்று காட்டியது. பீடியை விடாமல் பத்தியை மட்டும் நிறுத்தியவருக்குப் பெரிய பலன் இராது.

கவலைப்பட வேண்டியது நாள்தோறும், மூடிய இடத்தில், பக்கத்திலேயே இருப்பவர்களைப் பற்றி. ஜன்னல் இல்லாத பூஜை அறையில் காலையும் மாலையும் தூபக்காலைக் குனிந்து ஊதுபவர், வாடிக்கையாளரை இழுக்க வாசலில் எரியும் பத்திக்குப் பின்னால் நாள் முழுக்க உட்காரும் கடைப்பெண், விறகடுப்பில் அன்னதானம் சமைப்பவர். இதைச் சொன்னால் வழிபாட்டில் கைவைப்பதாகக் கோபப்பட வேண்டியதில்லை. இந்தத் தலத்தில் வணங்கப்படுவது நெருப்பு, புகை அல்ல. திரியைச் சிறிதாகக் கத்தரித்த நெய்விளக்கு ஒன்று, திறந்த ஜன்னல், தூபத்தை முற்றத்திலேயே போட்டு அணைத்துவிடுவது: இவற்றில் எந்த விதியும் மீறப்படவில்லை. கடைகளில் மாதிரிப் பத்தியை எரிக்காமல் உறையைத் திறந்து முகரக் கொடுத்தாலே போதும். இதய நோய்க்கு மருந்து எழுதும் மருத்துவர், பீடி உண்டா என்று கேட்கும்போதே, எந்தப் புகைக்கு நடுவில் எத்தனை மணி நேரம் வேலை என்றும் இந்த ஊரில் கேட்க வேண்டும்.